சும்மா பார்த்துட்டு வருவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கோடைப் பயணம் குறித்துக் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)

குழு ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, காலையிலேயே சமையல் முடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர் சகோதரிகளே!

வரவு செலவு அறிக்கை படித்தாயிற்று. வங்கிக் கடன் நிலுவை பற்றியும் பேசியாயிற்று. இப்போது கோடைப் பயணம் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறார்கள். "இதெல்லாம் கடைசியா பேசுற விஷயந்தானே, சோத்துக்கு நேரமாச்சு" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க அக்கா. இதுவும் நம் சேமிப்புப் பற்றிய விஷயம்தான். சோறு ஆறுவதற்குள் முடித்துவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டோம். "கடைசியா எப்ப வீட்டை விட்டுட்டு வேற ஊர்ல ராத்திரி தங்குனீங்க?" என்பதுதான் கேள்வி. விளையாட்டாகத்தான் கேட்டோம். வந்த பதில்களை நோட்டில் எழுதினோம்.

"மகளுக்குப் பிரசவம். பெரியாஸ்பத்திரியில மூணு ராத்திரி."

"எங்கண்ணன் தவறிப் போனப்ப."

"பழனிக்கு நடந்து போனப்ப மண்டபத்துல படுத்தோம்."

"ராமேசுவரத்துல, மாமனாருக்குத் திதி குடுக்க. அப்பத்தான் கடலைப் பார்த்தேன். அழுதுட்டே பார்த்தேன், எப்படி இருந்துச்சுன்னு ஞாபகமில்லைங்க."

பிரசவம், சாவு, நேர்த்திக்கடன், வைத்தியம். இந்த நாலுக்குள் எல்லாப் பதிலும் அடங்கிவிட்டது. சும்மா போனேன், பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் போனேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

1989-ல் தர்மபுரியில் நம் மாநிலத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அன்று முதல் எத்தனையோ காரணங்களுக்குச் சேமிக்கப் பழகியிருக்கிறோம். பிள்ளையின் காலேஜ் பீஸ், கறவை மாடு, வீட்டுக்கு ஓடு, மருத்துவச் செலவு, சீர் என்று எல்லாவற்றுக்கும் சேமித்தோம். இதில் நமக்காக என்று ஒரு வரி உண்டா என்று அந்தக் கூட்டத்தில் கேட்டோம். ஒரு அக்கா சட்டென்று சொன்னார்: "எனக்குக் கடலைப் பாக்கோணும். அழுகாம பாக்கோணும்."

அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

ஏன் கொச்சி?

நம் மாவட்டத்தில் கடல் கிடையாது. கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் எர்ணாகுளம் போய்விடலாம். இராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டியதில்லை. அரபிக் கடலின் ராணி என்று பெயர் வாங்கிய ஊர். கடலும் உண்டு, காயலும் உண்டு, தீவும் உண்டு. எல்லாவற்றையும் அரசுப் படகிலேயே சுற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் நம் ஊர்ப் பக்கம் வேட்டியைத் தூக்கி அடிக்கிற காற்று வீசுகிறதே, அது அரபிக் கடலில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. மலை நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் நம் ரயிலும் போகிறது. வருஷா வருஷம் கடல் நம்மைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு தடவை நாம் போய்ப் பார்த்தால் என்ன?

பணத்துக்கு ஒரு வழி செய்தோம். குழுச் சேமிப்பில் கை வைப்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று முதலிலேயே தீர்மானம் போட்டோம். வாரம் 25 ரூபாய், தனி நோட்டு, தனிப் பெட்டி. 48 வாரத்தில் ஆளுக்கு 1,200 ரூபாய் சேர்ந்தது.

நாங்கள் சொன்ன பொய்

பணம் சேர்ந்துவிட்டது. வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "ஊர் சுத்தப் போறியா?", "ரெண்டு நாள் சோறு யாரு ஆக்கறது?", "மாடு யாரு கறக்கறது?", "நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி.

அப்போது நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அதை இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர்களிடம் 'சுயதொழில் பயிற்சி' என்று சொல்லச் சொன்னோம். அது போதாதென்று, பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தோம். பயிற்சி என்றதும் எல்லா வீட்டிலும் கதவு திறந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எங்களுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டோம்.

ஒரே ஒரு பயத்தை மட்டும் நாங்களும் மதித்தோம். 2023 மே 7 அன்று கேரளாவில் தானூரில், ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். "அந்த ஊருக்கா போறீங்க, படகுல ஏறுவீங்களா?" என்று பல வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு மட்டும் உண்மையான பதில் சொன்னோம். தனியார் படகில் ஏற மாட்டோம், அரசுப் படகும் வாட்டர் மெட்ரோவும்தான், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவோம் என்றோம். அதன்படியே செய்தோம்.

போனோம், பார்த்தோம்

2024 மே மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை கிளம்பினோம். உறுப்பினர்கள் 21 பேர், நாங்கள் 2 பேர். பாலக்காடு தாண்டியதும் தென்னையும் வயலுமாக வெளியே பச்சை. ஜன்னல் ஓரத்துக்குச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை. கட்டுச்சோறு திருச்சூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

எர்ணாகுளம் வடக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பெண்கள் மட்டும் தங்குவதற்கென்று கொச்சி மாநகராட்சி 2023-ல் ஒரு விடுதி திறந்தது. அதை நடத்துவது குடும்பஸ்ரீ பெண்கள். நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அங்கே படுக்கை கிடைத்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற இடம். அதே பகுதியில் 'சம்ருத்தி' என்ற சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது. 2021 அக்டோபரில் அதைத் தொடங்கியபோது மதியச் சாப்பாடு 10 ரூபாய். அங்கேயும் சமைப்பது, பரிமாறுவது எல்லாம் குடும்பஸ்ரீ பெண்கள்தான்.

குடும்பஸ்ரீ பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1998-ல் கேரள அரசு தொடங்கிய இயக்கம். நம் குழு மாதிரி அங்கே 'அயல்கூட்டம்'. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது டிக்கெட் கொடுப்பது, நிலையத்தைச் சுத்தமாக வைப்பது போன்ற பல வேலைகள் அவர்கள் கைக்கு வந்தன. மெட்ரோவில் ஏறியபோது நம் அக்கா ஒருவர், டிக்கெட் கொடுத்த பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம மாதிரி சங்கத்துப் பொம்பளைங்கதானா?" என்று நாலு தடவை கேட்டார்.

மதியம் சாப்பிட்ட இடத்தில் பரிமாறிய ஒரு சேச்சி, நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுப் பக்கத்தில் வந்தார். எதற்கு வந்தீர்கள், பயிற்சிக்கா, எங்கள் கடையைப் பார்க்கவா என்று மலையாளத்தில் விசாரித்தார். அப்படி வருகிறவர்கள் அங்கே நிறையப் பேர் போலிருக்கிறது. நாங்கள் வாயைத் திறப்பதற்குள், ராமேசுவரத்தில் அழுதுகொண்டே கடல் பார்த்த அக்கா பதில் சொல்லிவிட்டார்: "இல்லீங்க. கடல் பாக்க வந்தோம். சும்மா."

அந்தச் சேச்சி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

சாயங்காலம் மரைன் டிரைவ் நடைபாதையில் உட்கார்ந்தோம். முன்னால் காயல், படகுகள், எதிர்க்கரையில் விளக்குகள். அங்கே வைத்துத்தான் அந்த அக்கா எங்களிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"முன்னப் பின்னத் தெரியாத பொம்பளைகிட்ட உண்மையைச் சொல்ல முடிஞ்சுதுங்க. முப்பது வருசம் கூடவே இருக்கற மனுசங்கிட்டச் சொல்ல முடியலை. நீங்களுந்தானுங்க பொய் சொல்லச் சொன்னீங்க. சும்மா போறோம்னு சொன்னா அது என்ன குத்தமா?"

நாங்கள் படித்தது சமூகப்பணி. பெண்களுக்கு உரிமை என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறோம். அன்று எங்களிடம் பதில் இல்லை. பெண் வீட்டை விட்டு வெளியே வந்தால் அதற்கு ஒரு 'பிரயோஜனம்' இருக்க வேண்டும் என்று ஊர் நினைக்கிறது. அதை மாற்ற வேண்டிய நாங்களே அதற்கு முத்திரை குத்திக் கடிதம் கொடுத்திருக்கிறோம். ஆண்கள் திருவிழாவுக்குப் போகிறார்கள், கூட்டாளிகளோடு ஊட்டிக்குப் போகிறார்கள். அவர்கள் யாரிடமும் பயிற்சிக் கடிதம் காட்டுவதில்லை.

கோட்டைக் கொச்சி

மறுநாள் காலை வாட்டர் மெட்ரோவில் கோட்டைக் கொச்சிக்குப் போனோம். அது 2023 ஏப்ரலில் தொடங்கிய படகுச் சேவை. கோட்டைக் கொச்சிக்கு விட்டது 2024 ஏப்ரலில், அதாவது நாங்கள் போவதற்கு முந்தின மாதம்தான். பேட்டரியில் ஓடும் படகு, புகையும் இல்லை, பெரிய சத்தமும் இல்லை. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியது. நூறு பேர் ஏறியதும் கேட்டை மூடிவிடுகிறார்கள். தானூர் ஞாபகத்தில் இருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல். அப்போது ஒருவழி டிக்கெட் 40 ரூபாய். சாதாரண அரசுப் படகில் பத்து ரூபாய்க்கும் குறைவு. போகும்போது வாட்டர் மெட்ரோ, வரும்போது அரசுப் படகு என்று வைத்துக்கொண்டோம்.

வழியில் வில்லிங்டன் தீவைக் காட்டினோம். அது இயற்கையாக உண்டான தீவு அல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1920-ல் கொச்சிக்கு வந்தார். பெரிய கப்பல் உள்ளே வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. "நாம குளம் தூர் வாரி மண்ணைக் கரையில கொட்டுவமே, அது மாதிரிதான்" என்று ஒரு அக்கா மற்றவர்களுக்கு விளக்கினார். அதைவிட நன்றாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

கரையில் இறங்கியதும் சீன வலைகள். கொச்சி படங்களில் எல்லாம் வருமே, அதுதான். பந்தல் மாதிரி பெரிய வலை, நீண்ட மரக்கழிகளில் தொங்கும். மறுமுனையில் கயிறு கயிறாகக் கல் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். கல்லின் கனத்தில் வலை மேலே வரும். நாலைந்து ஆண்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். சீன வணிகர்கள் காலத்தில் வந்தது என்று அங்கே சொல்கிறார்கள். எங்களோடு வந்த வயதான அம்மா பார்த்த உடனே, "இது ஏத்தம்! எங்கப்பன் கிணத்துல இறைச்ச ஏத்தம்!" என்றார். ஏற்றத்தில் தண்ணீர் வரும், இதில் மீன் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வலைக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஆறேழு பேர் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கை அளவு பொடி மீன்தான் வந்தது. ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும் பார்த்தோம். போர்த்துக்கீசியர்கள் 1503-ல் மரத்தில் தொடங்கிய கோயில். கடல் வழி கண்டு வந்த வாஸ்கோட காமா 1524-ல் கொச்சியில்தான் இறந்தார். அவரை முதலில் புதைத்த இடம் இது. பிற்பாடு எலும்புகளைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே மேலே நீளமான துணி விசிறிகள் தொங்குகின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் வெளியே ஒருவர் நின்று கயிற்றை இழுப்பார், உள்ளே காற்று வரும். "உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து, வெளிய இழுக்கறவனுக்கு வெயிலு" என்றார் ஒரு தங்கை. வாஸ்கோட காமாவை விட்டுவிட்டு அந்த வெளியே நின்றவரைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சலவைக்கூடம் இருக்கிறது. 'தோபி கானா' என்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டில் இருந்து கொண்டு வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். இப்போதுள்ள கூடம் 1976-ல் கட்டியது. துணி காயப் போட அங்கே கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கி, அந்த இடுக்கில் துணி நுனியைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் பறக்காது. வீடு திரும்பிய மறு வாரமே நம் அக்காமார் நாலு பேர் வாசலில் அப்படிக் கயிறு கட்டிவிட்டார்கள். பயிற்சி என்று போகவில்லை, ஆனாலும் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் பாருங்கள்.

மட்டாஞ்சேரியை வேகமாகத்தான் பார்த்தோம். அரண்மனையில் சுவர் முழுக்க இராமாயணம் வரைந்திருக்கிறார்கள். 1568-ல் கட்டிய யூதர் கோயிலில் தரைக்குச் சீனாவில் இருந்து வந்த நீலப்பூ ஓடு பதித்திருக்கிறார்கள். தெருவில் நடந்தாலே சுக்கு, மிளகு வாசம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர் கோயிலுக்குச் சனிக்கிழமை விடுமுறை. அதனால்தான் புதன், வியாழனைத் தேர்ந்தெடுத்தோம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாயங்காலம்

குறையையும் சொல்லிவிடுகிறோம். மே மாதக் கொச்சி குளுகுளு என்று இருக்காது. வெயில் நம் ஊரைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் புழுக்கம் அதிகம். சேலை உடம்போடு ஒட்டிவிடும். கோட்டைக் கொச்சிக் கடற்கரையில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கிக் கிடந்தன. குளிக்கிற கடல் அல்ல அது. கால் நனைக்கலாம், அவ்வளவுதான். இது போகிறவர்களுக்கு அழகான கரை. அங்கேயே குடியிருப்பவர்களுக்குக் கடல் வேறு மாதிரி. கொச்சிக்குத் தெற்கே செல்லானம் என்ற ஊரில் பல வருஷங்களாகக் கடல் வீட்டுக்குள் புகுந்து, கடைசியில் நாலு கால் கான்கிரீட் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதையும் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டோம்.

ஆனால் மாலை ஐந்தரைக்கு மேல் காற்று வந்தது. வெயில் சிவந்தது. பெரிய கப்பல் ஒன்று முகத்துவாரத்தில் மெல்ல உள்ளே வந்தது. ஓங்கில் மீன் துள்ளியது என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள், மற்றவர்கள் நம்பவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கை கோத்து அலையில் நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூச்சல்.

ஏத்தம் என்று சொன்ன அந்த அம்மா மட்டும் கரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். தூங்கிவிட்டார். நாற்பது வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாடு கறக்கிறவர். பகல் வெளிச்சம் இருக்கும்போது அவர் கண் மூடிப் படுத்ததை அவர் குழுவில் யாரும் பார்த்ததில்லையாம். நாங்கள் எழுப்பப் போனோம். "வேண்டாம், விடுங்க. தூங்கட்டும்" என்று தடுத்துவிட்டார்கள். சூரியன் கடலில் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, "நல்லா இருந்துச்சு" என்றார்.

கடலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் சோறு போடவில்லை, பாத்திரம் கழுவவில்லை, கணக்குச் சொல்லவில்லை. பிரயோஜனம் என்ன என்று கேட்டால், அதுதான் பிரயோஜனம்.

வராதவர்

இன்னொரு தவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து 25 ரூபாய் கட்டாவிட்டால் பட்டியலில் இருந்து பெயர் எடுக்கப்படும் என்று விதி வைத்திருந்தோம். ஒழுங்குக்காக வைத்த விதிதான். ஆனால் அதில் விழுந்தவர், குழுவிலேயே மிகவும் கஷ்டப்படுகிற உறுப்பினர். ஆடு மேய்த்துப் பிழைக்கிறவர். 31 வாரம் கட்டினார். பேரனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் கட்ட முடியாமல் போயிற்று. கட்டிய பணத்தை வாங்கி மருந்துக்குச் செலவு செய்தார். யாரையும் குறை சொல்லவில்லை. நாங்கள் கிளம்பிய விடியற்காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, வறுத்த நிலக்கடலை ஒரு பை கொடுத்து வழியனுப்பினார்.

திரும்பி வந்ததும் கேட்டார்: "கடல் எப்படி இருந்துச்சு?" யாருக்கும் வாய் வரவில்லை.

கணக்கு முடித்தபோது ஆளுக்குச் செலவு 1,080 ரூபாய். ஆளுக்கு 120 ரூபாய் மீதி. 21 பேருக்கு மொத்தம் 2,520 ரூபாய். பிரித்துக் கொடுக்கப் போனோம். வேண்டாம் என்றார்கள். "ரெண்டு பேருக்குச் செலவு ஆகும். அடுத்த தடவை முதல் ஆளா அவங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்று அவர்களே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

2025-ல் மே கடைசி வாரத்துக்கு டிக்கெட் எடுத்தோம். அதிலும் எங்கள் கணக்குத் தப்பியது. வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளாவில் இறங்கும் பருவமழை, அந்த வருஷம் மே 24-ஆம் தேதியே இறங்கிவிட்டது. மறுநாள் மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் கடலில் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் தப்பித்தார்கள். ஆனால் கன்டெய்னர்கள் கரை ஒதுங்கின, மீனவர்களின் பிழைப்புக் கெட்டது. பயணத்தை நிறுத்தினோம்.

அன்று ராத்திரி எங்களுக்குப் போன் மேல் போன். ஊரில் இருந்து ஒரு அக்கா கேட்டார்: "டிவியில போடறாங்களே, நம்ம கடல்ல கப்பல் முழுகிருச்சாமே? அந்த வலைக்காரங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

நம்ம கடல் என்றார். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கால் நனைத்துவிட்டு வந்த கடல். நாங்கள் எத்தனை பயிற்சி நடத்தினாலும் அந்தச் சொல்லை வாங்கியிருக்க முடியாது.

இந்த ஆண்டுக்கு

பேசியது போதும். இந்தக் கோடைக்கான யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம். கை தூக்கி முடிவு செய்ய வேண்டியது நீங்கள்.

ஒன்று. மே 10-ஆம் தேதிக்குள் போய்த் திரும்பிவிடுவது. மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு. இரண்டு அணியாகப் போவது. முதல் அணி போகும்போது அவர்கள் மாட்டையும் பிள்ளைகளையும் இரண்டாம் அணி பார்த்துக்கொள்ளும். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று. குழுச் சேமிப்பைத் தொடுவதில்லை, கடன் கிடையாது. இது பழைய விதி, அப்படியே இருக்கட்டும்.

நான்கு. வாரம் கட்ட முடியாதவர் பெயரை எடுப்பதில்லை. முடிந்தபோது கட்டட்டும். குறையும் தொகைக்கு ஒவ்வொரு பயணத்தின் மீதிப் பணத்தையும் ஒரு பொதுக் கையிருப்பாக வைப்போம்.

ஐந்து. அரசுப் படகு, வாட்டர் மெட்ரோ தவிர வேறு எதிலும் ஏறுவதில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்து வர வேண்டும். தண்ணீர் பாட்டிலும் குடையும் கட்டாயம்.

ஆறு. இதுதான் முக்கியம். பயிற்சிக் கடிதம் இந்த முறை கிடையாது. கடிதம் வேண்டும் என்பவர்களுக்குத் தருவோம், ஆனால் அதில் 'கடல் பார்க்கச் சுற்றுலா' என்றுதான் எழுதுவோம். வீட்டில் கேள்வி வந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வந்து நாங்கள் பேசுகிறோம். போன முறை உங்களைப் பொய் சொல்லச் சொன்ன எங்களுக்கு அந்தக் கடமை இருக்கிறது. எல்லா வீட்டிலும் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டார்கள், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு தடவை 'சும்மா' என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் பெண் ஒருத்தி வெளியே போய்த் திரும்பி வந்துவிட்டால், அடுத்து அந்த வீட்டு மருமகளுக்கும் மகளுக்கும் அது பழக்கமாகிவிடும்.

பட்டியலில் முதல் பெயரை ஏற்கெனவே எழுதியாயிற்று. நிலக்கடலை கொடுத்து வழியனுப்பிய அக்கா இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்லாதீங்க, கூச்சமா இருக்கும் என்றார். அதனால் சொல்லவில்லை. காலையில் பார்த்தபோது எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு நாளுக்கு ஆட்டை யாருகிட்ட விடறதுன்னு பேசிட்டேனுங்க. தேதி மட்டும் சொல்லுங்க."

தேதியை இப்போது நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம்.